மாகாணி விளையாட்டு: கணக்குறவுகளைக் கற்பிக்கும் சீட்டுக்கட்டு

முன்னுரை

எண்ணும் எழுத்தும் இரு கண்கள் எனப் போற்றிய மரபு தமிழ் மரபு. ஆயினும் இன்று எழுத்தை விரும்பும் மாணவர் பலர் எண்ணைக் கண்டு அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகிறது. முழு எண்களைக் கூட்டியும் பெருக்கியும் மகிழ்ந்த குழந்தை, பின்னம் என்னும் வாயிலுக்கு வந்ததும் தயங்கி நின்றுவிடுகிறது. நான்கைவிட எட்டுப் பெரிது என்று கற்ற பிள்ளைக்கு, நான்கில் ஒன்றைவிட எட்டில் ஒன்று சிறிது என்பது புதிராகத் தோன்றுகிறது. அப்புதிர் அவிழாமலே மேல்வகுப்புக்குச் செல்லும் மாணவர்க்கு விகிதம், வட்டி, இயற்கணிதம் யாவும் சுமையாகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் இளைஞர் எத்தனையோ பேர் இச்சுமையின் பொருட்டே அறிவியலையும் வணிகவியலையும் விலக்கிச் செல்கின்றனர்.

இக்குறையைத் தீர்க்கப் பல வழிகள் உள. அவற்றுள் ஒன்று விளையாட்டு. கணித உறவுகளைக் கற்பிக்கும் சீட்டுக்கட்டு ஒன்றை எவ்வாறு அமைப்பது, அதற்கு நம் தமிழ்ப் பின்னப் பெயர்கள் எவ்வாறு துணை நிற்கும், கொங்கு நாட்டின் நூல் தொழில் அதற்கு எவ்வாறு எடுத்துக்காட்டாகும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீட்டு என்னும் சொல்லும் பெரியோர் அச்சமும்

சீட்டு என்றவுடனே பெரியோர் முகம் சுளிப்பது இயல்பு. அதற்குத் தக்க காரணமும் உண்டு. சூதை இஸ்லாம் விலக்குகிறது. திருக்குறள் தொண்ணூற்று நான்காம் அதிகாரத்தைச் சூதின் தீமைக்கே ஒதுக்கியுள்ளது. பணம் வைத்தாடும் ஆட்டத்தால் குடிகள் கெட்ட கதை பழங்கதை அன்று. கைப்பேசி வழியே அது வீட்டுக்குள் நுழைந்தமையாலேயே இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம் 2023ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

எனவே கற்பிக்கும் சீட்டு, சூதுச் சீட்டினின்று தெளிவாக வேறுபட வேண்டும். வேறுபாடு அட்டையில் இல்லை, விதியில் உள்ளது. முதலாவது, பணயம் எவ்வடிவிலும் கூடாது. இரண்டாவது, வெற்றி கைக்கு வந்த அட்டையால் மட்டும் அமையாமல், அவ்வட்டையை ஆராய்ந்து ஆடுவதால் அமைய வேண்டும். மூன்றாவது, தோற்றவரும் ஒன்றைக் கற்று எழ வேண்டும். இம்மூன்றும் அமைந்தால், பெயர் சீட்டாயினும் அது பாடமே. பெயரும் உறுத்துமாயின் கணக்கட்டை என்று வழங்கலாம்.

வரலாற்றில் சில சான்றுகள்

அட்டைகளைக் கொண்டு கற்பிப்பது தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. ஆந்திர மாநிலத்தில் மதனபள்ளி அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியில், சிற்றூர்ப் பிள்ளைகளுக்கென அட்டைவழிக் கல்வி முறை உருவாயிற்று. அதனை முன்மாதிரியாகக் கொண்டு 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்றது. 2007-08ஆம் கல்வியாண்டில் அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது. சுவரில் கற்றல் ஏணி தொங்கும். குழந்தை தன் படிக்குரிய அட்டையை எடுத்துத் தானே கற்கும். 2022இல் எண்ணும் எழுத்தும் என்னும் புதிய திட்டம் வந்தது. அதுவும் செயல்பாடுகளையும் விளையாட்டையும் துணைக்கொண்டது.

கற்றல் ஏணியின் அட்டை ஒவ்வொன்றும் ஒரு படி. விளையாட்டுச் சீட்டு அத்தகையதன்று; அதன் பொருள் அடுத்த சீட்டோடு அது கொள்ளும் உறவில் உள்ளது. மேலைநாட்டில் செட் என்னும் ஆட்டம் இதற்கு நல்ல சான்று. மார்ஷா ஃபால்கோ என்னும் அம்மையார் 1974இல் நாய்களின் மரபுப் பண்புகளை ஆராய்ந்தபோது, செய்திகளைக் குறிக்க அட்டைகளில் உருவங்களை வரைந்தார். அக்குறிப்பட்டைகளே பின்னர் விளையாட்டாயின. வடிவம், நிறம், எண்ணிக்கை, நிரப்பு ஆகிய நான்கு பண்புகள்; பண்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று வகை; ஆக 3 × 3 × 3 × 3 = 81 சீட்டுகள். அக்கட்டில் எவ்விரு சீட்டுகளை எடுத்தாலும் அவற்றோடு இயையும் மூன்றாவது சீட்டு ஒன்றே ஒன்றுதான். உறவே அங்கு ஆட்டமாகிறது. தொழிற்குறிப்பு ஒன்று விளையாட்டாக மாறியது என்பதும் ஈண்டு நினைவில் கொள்ளத்தக்கது.

நம் நாட்டிலும் கஞ்சிஃபா என்னும் வட்டச் சீட்டு விளையாடப்பெற்றது. பேரரசர் பாபர் 1527இல் சிந்துவின் ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபாச் சீட்டுகளை அனுப்பியதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். முகலாயக் கஞ்சிஃபாவில் எட்டு இனங்கள். இனத்திற்கு அரசன், அமைச்சன், ஒன்று முதல் பத்து எனப் பன்னிரண்டு. ஆக 96 சீட்டுகள். அதில் ஒரு நுட்பம் உண்டு. நான்கு இனங்களில் பத்து உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது. எஞ்சிய நான்கு இனங்களிலோ ஒன்று உயர்ந்தது, பத்துத் தாழ்ந்தது. எண் வளர வளர மதிப்புக் குறையும் என்னும் தலைகீழ் உறவை ஆடுவோர் கையே பழகிக்கொண்டது. பின்னம் கற்கும் குழந்தைக்குத் தேவையானதும் இப்பழக்கமே அன்றோ?

தமிழ்ப் பெயர்களே சமன்பாடுகள்

இனி நம் மொழியின் செல்வத்தை நோக்குவோம். தொல்காப்பியத் தொகைமரபு, அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்று வரையறுக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நிலத்தை மா, காணி, முந்திரி என நுணுகி அளந்து காட்டுகின்றன. காரிநாயனாரின் கணக்கதிகாரமும், திண்ணைப் பள்ளிகளில் ஓதப்பெற்ற எண்சுவடியும் இம்மரபைப் பேணின. ஒன்றுக்கு மேற்பட்டவற்றை மேல்வாயிலக்கம் என்றும், ஒன்றுக்குக் கீழ்ப்பட்டவற்றைக் கீழ்வாயிலக்கம் என்றும் முன்னோர் வழங்கினர்.

கீழ்வாயிலக்கத்தில் முந்திரி என்பது 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, மா 1/20. இப்பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. மாவில் பாதி அரைமா, அதாவது 1/40. மூன்று காணி முக்காணி, அதாவது 3/80. இரண்டு மா இருமா, 1/10. நான்கு மா நான்மா, 1/5. காலில் பாதி அரைக்கால், 1/8. இவற்றுள் மாகாணி என்னும் சொல் தனியழகு உடையது. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 1/20 என்பது நான்கு காணி; அதனோடு ஒரு காணி சேர ஐந்து காணி; 5/80 என்பது 1/16. பகுதிகளைச் சமப்படுத்திக் கூட்டும் முறை முழுதும் ஒரு சொல்லின் புணர்ச்சிக்குள் அடங்கியிருக்கிறது. மாகாணிக்கு வீசம் என்றும் பெயர். 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தமையால், ஓரணா என்பது ரூபாயில் வீசமாக இருந்தது. நாலணா கால், எட்டணா அரை என்று அன்றைய சிறுவரும் தடுமாறாது கூறினர்.

எண்பது என்னும் அளவை முன்னோர் கொண்டதிலும் நுட்பம் உண்டு. 80 = 16 × 5. பாதி, அதில் பாதி என நான்கு முறை பகுக்கலாம், ஐந்தாலும் பகுக்கலாம். ஆகவே கால், அரைக்கால், வீசம் என்னும் பாதிக் குடும்பமும், மா, இருமா, நான்மா என்னும் ஐந்தின் குடும்பமும் காணி என்ற ஒரே அளவில் சந்திக்கின்றன.

கட்டின் அமைப்பு

இவ்வடிப்படையில் ஒரு சீட்டுக்கட்டை அமைப்போம். பன்னிரண்டு மதிப்புகளை எடுத்துக்கொள்வோம். காணிக் கணக்கில் அவை வருமாறு: காணி 1, அரைமா 2, முக்காணி 3, மா 4, மாகாணி 5, இருமா 8, அரைக்கால் 10, மும்மா 12, மூவீசம் 15, நான்மா 16, கால் 20, அரை 40. எண்பது காணி சேர்ந்தது ஒன்று.

ஒவ்வொரு மதிப்பும் நான்கு கோலங்களில் வரும். முதல் இனத்தில் தமிழ்ப் பெயர். இரண்டாம் இனத்தில் பின்னம். மூன்றாம் இனத்தில் தசமம். நான்காம் இனத்தில் பத்துக்கு எட்டாக வரைந்த எண்பது கட்டங்களும், அவற்றுள் உரியவை நிழலிட்டும் இருக்கும். எடுத்துக்காட்டாக, மாகாணி என்று ஒரு சீட்டு, 1/16 என்று ஒரு சீட்டு, 0.0625 என்று ஒரு சீட்டு, ஐந்து கட்டம் நிழலிட்டது ஒரு சீட்டு. ஆக 12 × 4 = 48 சீட்டுகள். காணிக் கணக்கைச் சீட்டில் எழுதலாகாது. அதனை ஆடுவோர் தாமே கண்டறிதல் வேண்டும்.

அச்சகங்களில் வெட்டி எஞ்சும் அட்டைத் துண்டுகளே இதற்குப் போதும். மாணவர் தம் கையால் கட்டங்களை வரைந்து நிழலிடுவதே முதற்பாடமாகும்.

ஆடும் முறை

நால்வர் ஆடுவதாகக் கொள்வோம். ஒவ்வொருவர் கைக்கும் நான்கு சீட்டுகள். நடுவில் நான்கு சீட்டுகள் முகம் தெரிய வைக்கப்பெறும். எஞ்சியவை கவிழ்த்து அடுக்கப்பெறும். முறை வரும்போது ஒருவர் தம் கையிலிருந்து ஒரு சீட்டை இறக்குவார். அதற்குச் சமமான மதிப்புள்ள ஒரு சீட்டு நடுவில் இருந்தால் அதனை எடுக்கலாம். அல்லது, கூட்டினால் அம்மதிப்பு வரும் பல சீட்டுகளை ஒருங்கே எடுக்கலாம். எடுக்கும்போது உறவை வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். சொல்லாது எடுத்தால் அவை நடுவிலேயே நிற்கும். எடுக்க இயலாதவர் தம் சீட்டை நடுவில் விட்டுவிடுவார். ஆடியபின் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கையை நிரப்புவார். இறக்கிய சீட்டும் எடுத்த சீட்டுகளும் அவருடைய திரட்டு. முடிவில் மிகுதியாகத் திரட்டியவர் வென்றவர். நடுவில் எஞ்சியவை எவருக்கும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நடுவில் காணி, அரைமா, மா, இருமா ஆகிய நான்கும் கிடக்கின்றன. கையில் மாகாணி உடையவர் மாவையும் காணியையும் எடுக்கலாம். அரைக்கால் உடையவர் இருமாவையும் அரைமாவையும் எடுக்கலாம். மும்மா உடையவர் மாவையும் இருமாவையும் எடுக்கலாம். மூவீசம் உடையவரோ நான்கையும் ஒருங்கே அள்ளிவிடலாம்; 1 + 2 + 4 + 8 = 15 அன்றோ? நான்மா உடையவர்க்கு மட்டும் ஒரு காணி குறைகிறது. அக்குறையைக் காணும் கணமே அவர் கற்கும் கணம்.

இங்கு ஆசிரியர் ஒரு வினா எழுப்பலாம். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்னும் நான்கினால் ஒன்று முதல் பதினைந்து வரை எல்லா எண்களையும் ஆக்க முடியுமா? முடியும். கணிப்பொறி எண்களைக் குறிக்கும் ஈரடிமான முறையின் வித்து இதுவே. மற்றொரு வினா: இக்கட்டில் மூன்றில் ஒன்று ஏன் இல்லை? எண்பதை மூன்றால் பகுத்தால் மீதி வரும். இந்த 48 சீட்டுகளில் எவற்றைக் கூட்டினாலும் மூன்றில் ஒன்று அமையாது. எந்த அளவை எடுத்துக்கொண்டால் அது அமையும் என்று மாணவர் தேடத் தொடங்கினால், பொதுமடங்கு என்னும் பாடம் தானே வந்து சேரும்.

அமைப்போர் கவனிக்க வேண்டியவை

கணித விளையாட்டு அமைப்போர் வழக்கமாகச் செய்யும் பிழைகள் சில உள. ஒருபுறம் வினாவும் மறுபுறம் விடையும் எழுதிய அட்டை விளையாட்டன்று, வேடமிட்ட தேர்வு. அங்குக் கணக்கு ஒரு தடையாகவும், தடையைத் தாண்டினால் கிடைக்கும் புள்ளி பரிசாகவும் நிற்கின்றன. நல்ல ஆட்டத்தில் கணக்கே நகர்வு. உறவைக் கண்டவரே சீட்டை எடுக்கிறார்.

முந்திச் சொன்னவருக்கே வெற்றி என்னும் விதியும் தீது. விரைவில் விடை கூறும் ஒரு பிள்ளை ஆட்டம் முழுவதையும் கைப்பற்றும். மெல்லச் சிந்திக்கும் மூவர் வாயடைத்துப் போவர். எவருக்காக ஆட்டம் அமைந்ததோ அவரே வெளியேறிவிடுவர். எனவேதான் மேற்கூறிய ஆட்டத்தில் முறை வைத்து ஆடும் விதி கொள்ளப்பெற்றது.

பெரிய சீட்டே வெல்லும் என்னும் அமைப்பும் போதாது. அது ஒப்பிடுதலை மட்டும் கற்பிக்கும். நம் ஆட்டத்தில் அரை என்பது பெரிய மதிப்பாயினும், நடுவில் கிடக்கும் அரையை இன்னோர் அரையால் அன்றி வேறெதனாலும் எடுக்க இயலாது. காணியோ எங்கும் இணைந்து செல்லும். சிறியதன் பெருமை ஆடுவோர்க்கு விளங்குகிறது.

ஐயம் எழுந்தால் தீர்ப்பவர் ஆசிரியராக இருத்தல் கூடாது. எண்பது கட்டமிட்ட தாள் ஒன்றை நடுவில் விரித்து, புளியங்கொட்டைகளை வைத்து எண்ணிப் பார்க்கச் செய்க. பல்லாங்குழியில் கொட்டை எண்ணிப் பழகிய நம் வீடுகளுக்கு இது அயலான வழக்கன்று. தொடக்க நிலைப் பிள்ளைகளுக்குப் பெயரும் கட்டமும் உள்ள 24 சீட்டுகளை மட்டும் கொடுத்து, இருவர் இருவராக ஆடச் செய்யலாம். பின்னமும் தசமமும் பின்னர் வரட்டும்.

கொங்கு நாட்டின் ஐந்தாம் இனம்

கோயம்புத்தூரில் 1888ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் ஆலை தோன்றியது முதல் நூல் இம்மண்ணின் வாழ்வாயிற்று. நூலின் நயத்தை நம்பர் என்றும் கவுண்ட் என்றும் இங்கு வழங்குவர். இருபதாம் நம்பரைவிட நாற்பதாம் நம்பர் மெல்லியது. எண் ஏற ஏற நூல் இழைகிறது. எண் குறையக் குறைய நூல் தடிக்கிறது. பருத்தி நூல் கணக்கில் ஒரு சிட்டம் 840 கெஜம். ஒரு பவுண்டு நூலில் எத்தனை சிட்டம் அடங்குமோ அதுவே நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 40 × 840 = 33,600 கெஜம் நீளும்; இருபதாம் நம்பர் 16,800 கெஜமே நீளும்.

அவ்வாறாயின் ஒரு சிட்டத்தின் எடை என்ன? இருபதாம் நம்பரில் அது பவுண்டில் 1/20, அதாவது ஒரு மா. நாற்பதில் அரைமா. எண்பதில் காணி. பதினாறில் மாகாணி. பத்தில் இருமா. முன்னோர் நிலம் அளந்த பெயர்களும் ஆலைத் தொழிலாளர் நாவில் வழங்கும் நம்பர்களும் ஒரே உறவின் இரு முகங்களாக நிற்கக் காண்கிறோம்.

ஆகவே நூல் என்பதை ஐந்தாம் இனமாகச் சேர்ப்போம். எண்பதாம் நம்பரில் ஒரு சிட்டம் என்னும் சீட்டு காணிக்கு நிகர். எண்பதில் மூன்று சிட்டம் முக்காணிக்கு நிகர். இருபதில் மூன்று சிட்டம் மும்மாவுக்கு நிகர். பதினாறில் மூன்று சிட்டம் மூவீசத்துக்கு நிகர். இவ்வாறே பன்னிரண்டும் அமையும். கட்டு 60 சீட்டுகளாகும். எட்டாம் நம்பர் சிட்டமும் பதினாறாம் நம்பர் சிட்டமும் எதிரெதிரே கிடக்கும்போது, எட்டே கனத்தது என்று மில் தொழிலாளியின் மகள் தயங்காது கூறுவாள். அவள் வீட்டில் அறிந்ததே பள்ளியில் 1/8 என்பது 1/16ஐ விடப் பெரிது என்னும் பாடமாகிறது. கஞ்சிஃபாவின் தலைகீழ் இனங்கள் கற்பித்ததும் இதுவே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கணக்கைக் கற்பிக்கும் சீட்டுக்கட்டில் உறவே நகர்வாக அமைதல் வேண்டும் என்பதும், பணயமும் விரைவும் விலக்கப்பெற வேண்டும் என்பதும், தமிழ்ப் பின்னப் பெயர்கள் அதற்குப் பொருந்திய கருவிகள் என்பதும் பெறப்படும். மா, காணி என்பன அகராதியில் உறங்கும் சொற்கள் என்று தமிழ் மாணவர் கருத வேண்டா. அவை மீண்டும் ஆடுகளம் இறங்கக் காத்திருப்பவை. கணிதத் துறையினரும் தமிழ்த் துறையினரும் கூடி அமர்ந்து இக்கட்டை வரைந்து, அருகிலுள்ள தொடக்கப் பள்ளிகளில் ஆடச் செய்து, பிள்ளைகள் எங்கே தடுமாறுகின்றனர் என்பதைக் குறித்து விதிகளைத் திருத்துவார்களாக. பெரியோர்களும் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து, காலும் அரைக்காலும் வீசமும் தம் நாவில் வழங்கிய நாள்களைச் சொல்லித் தருவார்களாக. பிள்ளை ஒன்று அச்சமின்றி மாவோடு காணி மாகாணி என்று கூறி இரு சீட்டுகளை எடுக்குமாயின், மொழியும் கணக்கும் ஒருங்கே அதன் கைக்கு வந்துவிட்டன என்று நாம் கொள்ளலாம்.